பெயர் விதியும் புதியவர் வரவேற்பும்: தமிழ் விக்கிப்பீடியாவை முன்வைத்து

வேளாங்கண்ணியில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், தம் ஊரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றைக் கைபேசியில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். திருவிழாக் கொடி ஏறும் நாள் அதில் பிழையாக இருக்கிறது. ஆகஸ்ட் 29 என்பது ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். திருத்தலாமே என்று கணக்குத் தொடங்கப் போகிறார். முதல் கட்டத்தில் பயனர் பெயரைக் கேட்கிறது. ஊரே தன்னை எந்தப் பெயரால் அறியுமோ அதை, அதாவது விடுதியின் பெயரை, எழுதுகிறார். தேதியைத் திருத்துகிறார். ஆங்கில விக்கிப்பீடியாவாக இருந்தால், அந்தக் கணக்கு சில மணி நேரத்தில் தடை செய்யப்படக்கூடும். திருத்தியது சரியான செய்தி. தடைக்குக் காரணம் பெயர். அந்தத் தடை அறிவிப்பைப் பார்த்தவர் திரும்பி வருவாரா?

கூடி எழுதும் இணையச் சமூகங்களில் பெயர் விதி சிறிய விஷயமாகவே கருதப்படுகிறது. நடுநிலை, சான்று, பதிப்புரிமை பற்றி நடக்கும் அளவுக்கு விவாதங்கள் பெயரைப் பற்றி நடப்பதில்லை. ஆனால் புதிதாக வருபவர் சந்திக்கும் முதல் விதி அதுதான். அந்தச் சமூகம் அவரிடம் பேசும் முதல் சொல்லும் அதுதான். அந்த விதி எதற்காக இருக்கிறது, யாரைக் காக்கிறது, யாரை அறியாமல் விரட்டுகிறது என்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவின் அனுபவத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விதி அடிப்படையில் நியாயமானது என்பது என் முடிவு. ஆனால் ஆள் எண்ணிக்கை குறைந்த ஒரு மொழியில், விதியைச் சொல்லும் முறை விதியின் அளவுக்கே முக்கியமானது.

விதி என்ன சொல்கிறது

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற கொள்கையோடு வந்த அத்தளம், எந்தப் பெயரில் எழுதுவது என்பதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொல்லைகள் வரவர விதிகள் வந்தன. ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்று தடுக்கப்படும் பெயர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். பிறரை இழிவுபடுத்தும் பெயர்கள் முதல் வகை. படிப்பவரை ஏமாற்றும் பெயர்கள் இரண்டாவது. நிர்வாகி அல்லாதவர் நிர்வாகி என்று வைத்துக்கொள்வதும், மனிதர் ஒருவர் தானியங்கி போலப் பெயர் சூட்டிக்கொள்வதும், புகழ்பெற்ற ஒருவரின் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்வதும் இதில் அடங்கும். விளம்பரப் பெயர்கள் மூன்றாவது. ஒரு நிறுவனத்தையோ குழுவையோ குறிக்கும், பலர் சேர்ந்து பயன்படுத்துவதாகத் தோன்றும் பெயர்கள் நான்காவது.

முதல் இரண்டு வகைகளுக்கு விளக்கம் தேவையில்லை. விடுதிக்காரர் சிக்குவது மூன்றாவதிலும் நான்காவதிலும். ஒரு கணக்கு ஓர் ஆளுக்கே உரியது என்பது விக்கிப்பீடியாவின் அடித்தளங்களில் ஒன்று. எழுதியவர் யார் என்ற பதிவு ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றிலும் நிலைத்திருக்கிறது. அவர் எழுதியதைப் பற்றிக் கேள்வி எழுந்தால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் கேட்கிறார்கள். அவர் பதில் சொல்கிறார். நிறுவனத்தின் பெயரில் கணக்கு இருந்தால் பதில் சொல்வது யார்? இன்று மேலாளர், நாளை வரவேற்பு மேசையில் இருப்பவர், அடுத்த மாதம் வேலைக்கு வரும் வேறொருவர். பொறுப்பு யாரிடமும் தங்காது. அதோடு, அந்தப் பெயர் ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் தோன்றி விளம்பரப் பலகையாகவும் ஆகிவிடும்.

விதிக்கு உள்ளேயே வழியும் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. இன்ன நிறுவனத்தைச் சேர்ந்த இன்னார் என்று ஆளையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். கூலி பெற்று எழுதுபவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. பெயரை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் உண்டு. மாற்றினால் முன்பு எழுதியவை எல்லாம் புதிய பெயரின் கீழ் வந்துவிடும். பெயரை மட்டும் காரணமாகக் கொண்ட தடை பெரும்பாலும் மென்மையான தடை. அதே ஆள் வேறு பெயரில் உடனே புதுக்கணக்குத் தொடங்கலாம். ஆனால் 'தடை' என்ற சொல்லைப் பார்த்த புதியவருக்கு இந்த நுணுக்கம் எதுவும் தெரியாது.

ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே கணக்கு வைத்திருக்கலாம். அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதி, கணக்கு தங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தினால் போதும். அவர்களுடைய வாதம் எளிது: நிறுவனம் மறைந்திருந்து எழுதுவதைவிட முகம் காட்டி எழுதுவது நல்லது. ஆங்கிலத்தார் ஆளைத் தேடுகிறார்கள், ஜெர்மானியர் வெளிப்படையைத் தேடுகிறார்கள். இரண்டுமே பொறுப்பை நிலைநிறுத்தும் முயற்சிகள். ஆகவே ஆங்கில விதி ஒன்றே விதி என்று எண்ணி அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் தமிழுக்கு இல்லை.

சொந்தப் பெயரா, புனைபெயரா

பொறுப்பு வேண்டுமென்றால் எல்லோரையும் சொந்தப் பெயரில் எழுதச் சொல்லலாமே என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. தமிழ் வாசகருக்கு இதன் விடை இலக்கிய வரலாற்றிலேயே இருக்கிறது. கல்கியும் புதுமைப்பித்தனும் புனைபெயர்கள். வேளாங்கண்ணி இருக்கும் காவிரி டெல்டாவிலேயே பார்த்தால், மௌனி என்று எழுதியவர் எஸ். மணி, கரிச்சான் குஞ்சு என்று எழுதியவர் ஆர். நாராயணசாமி. இவர்கள் யாரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பெயர் மாற்றியவர்கள் அல்ல. ஒரே பெயரில் தொடர்ந்து எழுதி, அந்தப் பெயருக்கே ஒரு மதிப்பைச் சேர்த்தவர்கள். விக்கிப்பீடியாவும் கேட்பது இதைத்தான்: எந்தப் பெயரானாலும் சரி, அதைத் தொடர்ந்து வைத்திரு, அந்தப் பெயரில் செய்ததற்கு அந்தப் பெயரிலேயே பதில் சொல்.

சொந்தப் பெயரைக் கட்டாயமாக்கியவர்களின் அனுபவம் இதை உறுதிப்படுத்துகிறது. தென்கொரியா 2007இல், நாள்தோறும் மிகப் பலர் வந்துபோகும் பெரிய தளங்களில் அடையாளத்தை உறுதிசெய்த பிறகே கருத்தெழுதலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. தளங்களில் திரளும் தகவலுக்கு ஆபத்தும் உண்டு: 2011இல் அங்குள்ள பெரிய இணைய நிறுவனம் ஒன்றிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் தகவல்கள் திருடப்பட்டன. 2012 ஆகஸ்டில் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. கூகுள் பிளஸ் 2011இல் சொந்தப் பெயர் விதியோடு தொடங்கி, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2014இல் அதைக் கைவிட்டது.

தமிழ்ப் பெயருக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கும் படிவத்தில் நம் தலைப்பெழுத்து முறை பொருந்துவதில்லை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வைப்பதைத் துறக்க வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அந்த வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. குடும்பப் பெயரைக் கேட்டு வற்புறுத்தும் எந்த விதியும் அந்த நீண்ட முயற்சிக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது.

பட்டம் இல்லாவிட்டாலும் பெயர் பலவற்றைச் சொல்லிவிடும். மதத்தைச் சொல்லும், ஆணா பெண்ணா என்று சொல்லும், பல நேரம் சாதியையும் ஊகிக்க வைக்கும். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி, வேளாங்கண்ணிக்கு வெகு தொலைவில் இல்லை. அந்த நிகழ்வைப் பற்றிய கட்டுரையில் சான்றுகளைச் சேர்க்கப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விரும்பினால், சொந்தப் பெயரில் செய்ய அவர் தயங்குவதில் நியாயம் உண்டு. பெண்களுக்கும் இதே தயக்கம் இருக்கும். 2008இல் நடந்த உலகளாவிய ஆய்வொன்றில் விக்கிப்பீடியாவுக்குப் பங்களிப்போரில் பெண்கள் நூற்றுக்கு 13 பேருக்கும் குறைவு என்று தெரியவந்தது. சொந்தப் பெயர் விதி வந்தால் அந்த எண்ணிக்கை இன்னும் சுருங்கும் என்றே அஞ்ச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இது நீதிமன்றம் வரை சென்ற விஷயம். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரை அவதூறு என்று 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கட்டுரையைத் தொகுத்த மூவரின் விவரங்களைத் தருமாறு அந்த ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் விக்கிமீடியா அறக்கட்டளைக்கு ஆணையிட்டது. வழக்கைப் பற்றி எழுதப்பட்ட தனிக் கட்டுரையும் அக்டோபரில் நீக்கப்பட நேர்ந்தது. அந்த நீக்க உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கின் சரி தவறு எதுவானாலும், கூலியில்லாமல் எழுதும் சாதாரண மனிதருக்குப் பெயர் என்பது எவ்வளவு கனமான விஷயம் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.

தமிழில் வந்தவர்கள்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதைத் தொடக்கத்தில் தூக்கி நிறுத்தியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே இடைமுகத்தைத் தமிழாக்கி, தொடர்ந்து கட்டுரை எழுதினார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. இலங்கை, இந்தியா, கனடா, வளைகுடா என்று பல இடங்களிலிருந்தும் சிலர் சேர்ந்தனர். 2017 மே மாதம் ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டிய தளம், பின்னர் ஒன்றரை லட்சத்தையும் தாண்டியது. ஆனால் மாதந்தோறும் முனைப்பாகத் தொகுப்பவர்கள் இன்றும் சில நூறு பேர்தான்.

இந்தச் சமூகம் புதியவருக்கென்று உருவாக்கிய இடங்களின் பெயர்களே அதன் மனப்பான்மையைக் காட்டும். பொதுப்பேச்சு நடக்கும் இடம் ஆலமரத்தடி. உதவி கேட்கும் இடம் ஒத்தாசைப் பக்கம். எழுதிப் பழகும் இடம் மணல்தொட்டி. புதுக்கணக்குத் தொடங்குபவரின் பேச்சுப் பக்கத்தில் "வாருங்கள்" என்று பெயர் சொல்லி வரவேற்பு வைக்கும் வழக்கமும் உண்டு.

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்கள் ஒவ்வொருவராக மட்டும் வரவில்லை, கூட்டமாகவும் வந்தார்கள். மூன்று அலைகளைச் சொல்லலாம்.

முதலாவது, கூகுள் நிறுவனம் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள். 2009 முதல் கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றினார்கள். நீளமான கட்டுரைகள் வந்தன. ஆனால் ஏற்றியவர்களோடு பேச முடியவில்லை. பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வருவது அரிது. பெயர் இருந்தது, பெயருக்குப் பின்னால் உரையாட ஆள் இல்லை. தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் 2010இல் போலந்து நாட்டு கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இந்த அனுபவத்தை ஆய்வுரையாகவே முன்வைத்தார். தரம், தலைப்புத் தேர்வு, சமூகத்தோடு தொடர்பு என்ற மூன்றையும் அது எழுப்பியது. விதிக்குப் பொருந்திய பெயர் இருந்தாலும், பதில் சொல்பவர் இல்லையென்றால் பயனில்லை என்பது அதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

இரண்டாவது, கல்லூரி மாணவர்கள். 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. பலர் எழுதினார்கள். போட்டி முடிந்ததும் பெரும்பாலோர் எழுதுவதும் நின்றது. போட்டிகள் எங்கு நடந்தாலும் இப்படித்தான். பரிசுக்கு வந்தவரைத் தங்கவைக்கப் பரிசைத் தவிர வேறொன்று வேண்டும்.

மூன்றாவது அலைதான் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் விக்கிப்பீடியாப் பயிற்சி அளிக்கப்பட்டது. அப்போது தொடங்கப்பட்ட கணக்குகளின் பெயர்கள் ஓர் அச்சில் வார்த்தவை. முதலில் பள்ளிக் கல்வித் துறையைக் குறிக்கும் 'டிஎன்எஸ்இ' என்ற ஆங்கில எழுத்துகள், அடுத்து ஆசிரியரின் பெயர், கடைசியில் மாவட்டத்தின் சுருக்கம். அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்தால் இந்தப் பெயர்கள் வரிசையாக ஓடின.

இந்த அமைப்பு விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட அமைப்பு. துறையின் பெயர் மட்டும் இல்லை, ஆள் இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. எங்கிருந்து எழுதுகிறார் என்பதும் தெரிகிறது. அண்மைய மாற்றங்களைச் சுற்றிப்பார்க்கும் பழைய பயனருக்கு, இவர் பயிற்சியில் இருக்கும் ஆசிரியர், பிழை கண்டால் உடனே அழிக்காமல் சொல்லிக் கொடுக்கலாம் என்று உடனே புரியும். பெயரே புதியவருக்கு ஒரு பாதுகாப்பாக அமைந்தது. அப்படி வந்தவர்களில் சிலர் பின்வந்த ஆண்டுகளிலும் தொடர்ந்து எழுதினார்கள்.

அதே அமைப்புக்கு வேறொரு பக்கமும் உண்டு. பெயரில் துறை ஒட்டிக்கொண்டிருப்பதால், ஆசிரியர் தன் விருப்பத்தால் எழுதும் வரியும் துறையின் குரல்போல ஒலிக்கலாம். அரசு ஊழியர் என்ற முத்திரையோடு, விவாதம் உள்ள தலைப்புகளைத் தொட அவர் தயங்கலாம். மாவட்டம் மாறினாலும், ஓய்வு பெற்றாலும், பெயரில் பழைய மாவட்டமும் பழைய வேலையும் இருக்கும். மாற்ற வழி உண்டு என்பது தெரிந்தால்தானே மாற்றுவார்! தொடக்கப் பெயர் கூட்டத்தோடு வந்ததாக இருக்கலாம். தொடர்ந்து எழுத விரும்புகிறவருக்கு ஒரு கட்டத்தில் தனக்கென்று ஒரு பெயர் வேண்டும். அந்த இரண்டாவது அடியைப் பற்றி யாராவது அவரிடம் பேச வேண்டும்.

எழுத்துருவும் கணினியும்

தமிழில் எழுத வந்தவர்கள் ஏன் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்கிறார்கள்? காரணம் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது. பள்ளிக் கணினியிலோ பொதுக் கணினியிலோ நுழையும்போது தமிழ்த் தட்டச்சு கிடைக்காமல் போகலாம். ஆங்கிலப் பெயராக இருந்தால் எங்கிருந்தும் நுழையலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து ஒரே பெயரை வைக்க முயன்றால் மென்பொருளே மறுத்துவிடும். ஒன்றைப்போல் தோன்றும் இன்னொரு எழுத்தைக் கொண்டு பிறர் பெயரைப் போலியாக வைப்பதைத் தடுக்கவே அந்த ஏற்பாடு.

தமிழ் எழுத்திலேயே இந்தப் போலித்தோற்றம் உண்டு. 'ஸ்ரீ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். ஸ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவது ஒன்று, ஶ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. அதேபோல் ஔ என்ற ஓரெழுத்தும், ஒ, ள என்ற இரண்டெழுத்தும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. ஒருவருடைய பெயரில் இன்னொருவர் நுழைந்துவிட்டதுபோல் தோன்ற இவ்வளவு போதும். இவற்றை நன்கறிந்த தமிழர்கள்தான் கவனிக்க முடியும்.

2015இல் எல்லா விக்கிமீடியாத் தளங்களின் கணக்குகளும் ஒன்றிணைக்கப்பட்டன. அதுவரை தமிழில் ஒருவர், ஆங்கிலத்தில் வேறொருவர் என்று ஒரே பெயரை வைத்திருந்த இடங்களில், ஒருவருடைய பெயருக்குப் பின்னால் தளத்தின் குறியீடு ஒட்டப்பட்டது. அதற்குப் பிறகு பெயர் என்பது உள்ளூர் விஷயமாக இல்லை. தமிழில் வைத்த பெயர் ஆங்கிலத்திலும், உடன்தளங்களான பொதுவகத்திலும் விக்கித்தரவிலும் அப்படியே செல்கிறது. தமிழ் எழுத்துப் பெயருக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை கிடையாது. கையொப்பத்தில் ஆங்கில எழுத்தையும் சேர்த்தால் நல்லது என்ற வேண்டுகோள் மட்டுமே உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் தமிழ்ப் பெயர் வைக்கத் தயங்கும் பலர் துணிந்து வைப்பார்கள்.

கணக்கே இல்லாமல் எழுதுவோருக்கும் பெயர் உண்டு. முன்பு அவர்களுடைய ஐபி முகவரியே பெயராக வெளியே தெரிந்தது. அது அந்தரங்கத்துக்குக் கேடு என்பதால், 2024 இறுதியிலிருந்து படிப்படியாகத் தற்காலிகக் கணக்குகள் அறிமுகமாயின. ஆண்டையும் சில எண்களையும் கொண்ட பெயர் தானாகவே கிடைக்கிறது. பெயரே கேட்காமல் எழுதவிடும் இந்த வாசல் புதியவருக்கு மிக எளிது. ஆனால் எண்ணாக மட்டும் தெரிபவரிடம் நின்று பேசப் பிறருக்கு மனம் வருவது கடினம். ஒரு பெயரோடு வருபவருக்கே உறவும் நம்பிக்கையும் வளர்கின்றன.

ஆய்வுகள் காட்டுவது

ஆங்கில விக்கிப்பீடியாவின் முனைப்பான பயனர்களின் எண்ணிக்கை 2007 வரை ஏறி, பிறகு இறங்கியது. ஏரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரை இதன் காரணத்தைத் தேடியது. நல்லெண்ணத்தோடு வருபவர்கள் குறைந்துவிடவில்லை என்று அவர்கள் கண்டார்கள். அவர்களுடைய எழுத்து மறுக்கப்படுவது கூடியிருந்தது. விசமத் தொகுப்புகளை விரைந்து அழிக்க உருவாக்கிய கருவிகள், நல்லவர்களின் தடுமாற்றத்தையும் அதே வேகத்தில் அழித்தன. ஒரு முறை மறுக்கப்பட்ட புதியவர் பெரும்பாலும் தொடரவில்லை. விதிகளும் இறுகிப்போய், புதியவர்களால் அவற்றை மாற்ற முடியாத நிலை வந்தது.

இதற்கு மருந்தாக ஆங்கில விக்கிப்பீடியாவில் 2012இல் தேநீர்க் கூடம் என்று ஓர் இடம் தொடங்கினார்கள். புதியவர் எந்தக் கேள்வியையும் கேட்கலாம். விதி எண்ணை மட்டும் காட்டாமல் மனிதர் ஒருவர் கனிவோடு பதில் சொல்வார். ஜொனாதன் மார்கனும் ஹாஃபேக்கரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே அழைக்கப்பட்ட புதியவர்கள், அழைக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து எழுதியதைக் காட்டியது. இதில் கவனிக்க வேண்டியது, விதி எதுவும் தளர்த்தப்படவில்லை. அதைச் சொன்ன விதம் மாறியது. அந்த மாற்றமே பயன் தந்தது. புதியவருக்கு வழிகாட்டி ஒருவரை ஒதுக்கி, எளிய திருத்த வேலைகளைக் காட்டும் முகப்புப் பக்கம் இப்போது பல மொழி விக்கிப்பீடியாக்களில் வந்திருப்பதும் இதே புரிதலில்தான்.

ஆங்கிலத்தில் பலர் போனாலும் வேறு பலர் வருவார்கள். தமிழில் அப்படி இல்லை. அதிலும் ஊர் சார்ந்த அறிவில் இழப்பு பெரிது. வேளாங்கண்ணிப் பேராலயம் 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவானால் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது என்பதை எங்கிருந்தும் யாரும் எழுதலாம். காவி உடுத்தி நடந்துவரும் பாதயாத்திரைக் கூட்டங்கள் எந்தெந்த வழியாக வருகின்றன, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரைக் கடைகள் எப்படி மாறின, திருவிழா நாள்களில் ஊர் எப்படி இயங்குகிறது என்பவற்றை, எந்த உள்ளூர் மலரில், எந்த நாளிதழ்ப் பதிப்பில் சான்று கிடைக்கும் என்று தெரிந்து எழுத, ஊர்க்காரர் வேண்டும். அவரும் பல விதிகளைக் கற்க வேண்டியிருக்கும். மாதாவின் அருளால் நோய் தீர்ந்தது என்று ஒரு பக்தர் மனமுருகி எழுதுவதைக் கலைக்களஞ்சியம் செய்தியாக ஏற்காது. பக்தர்கள் அவ்வாறு நம்புகிறார்கள் என்பதைச் சான்றோடு ஏற்கும். இந்த வேறுபாட்டைக் கற்கும் அளவுக்கு ஒருவர் தங்க வேண்டுமென்றால், பெயரிலேயே அவரை இழந்துவிடக் கூடாது.

பேராலய வாசலில் யாரும் பெயர் கேட்பதில்லை. எந்த மதத்தவரும் உள்ளே போய் மெழுகுத்திரி ஏற்றலாம். அதே ஊரில் விடுதியில் தங்கப் போனால் பதிவேட்டில் பெயர் எழுதி அடையாள அட்டை காட்ட வேண்டும். வந்து பார்ப்பதற்கும் தங்கிப் பொறுப்பேற்பதற்கும் ஊர் வைத்திருக்கும் வேறுபாடு அது. கூடி எழுதும் சமூகத்துக்கும் இரண்டு நிலைகளும் தேவை. ஆனால் விடுதியில் படிவத்தைப் பிழையாக நிரப்பினால், மேசையில் இருப்பவர் எங்கே எதை எழுத வேண்டும் என்று சொல்லித் தருகிறார்.

செய்யக் கூடியவை

முதலாவது, கணக்குத் தொடங்கும் பக்கத்திலேயே, பெயர் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், எளிய தமிழில் மூன்று வரி போதும். உங்கள் சொந்தப் பெயரோ புனைபெயரோ வைக்கலாம், கடை, நிறுவனம், அமைப்பு இவற்றின் பெயரை மட்டும் வைக்க வேண்டாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிழை நேர்ந்தபின் தண்டிப்பதைவிட, நேருமுன் சொல்வது எளிது.

இரண்டாவது, பெயரில் குறை கண்டால் முதலில் பேச வேண்டும். ஆபாசமோ ஆள்மாறாட்டமோ இருந்தால் தடை உடனே வரட்டும். விடுதிப் பெயரோ பள்ளிப் பெயரோ என்றால், பேச்சுப் பக்கத்தில் ஓர் ஆள் தன் கையொப்பத்தோடு எழுதலாம். நீங்கள் செய்த திருத்தம் சரி என்று முதலில் சொல்லி, பெயரை ஏன் மாற்ற வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று அடுத்துச் சொன்னால் போதும். மாதம் சில நூறு பேர் எழுதும் தளத்தில் இதற்கு நேரம் உண்டு.

மூன்றாவது, பேராலயம், பேரூராட்சி, நூலகம், கல்லூரி போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரில் வெளிப்படையாக வருவதற்கு ஜெர்மானியர் வைத்திருப்பது போன்ற உறுதிப்பாட்டு முறை தமிழுக்குப் பொருந்துமா என்று ஆலமரத்தடியில் விரிவாக விவாதிக்கலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியத்தையும் அறிவியல் களஞ்சியத்தையும் வெளியிட்ட மண் இது. நிறுவனங்களின் அறிவைத் திறந்த களஞ்சியத்துக்குக் கொண்டுவர நேர்மையான பாதை ஒன்று வேண்டும்.

நான்காவது, பயிற்சிகளில் முதல் அரை மணி நேரத்தைப் பெயருக்கு ஒதுக்கலாம். ஆசிரியரோ மாணவரோ, இந்தப் பெயர் பல ஆண்டுகள் உங்களோடு இருக்கும் என்று விளக்கி, அவரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும். கூட்டமாக வந்தவர்களை மூன்று மாதம் கழித்துத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். பெயரை மாற்ற விரும்புகிறீர்களா என்ற கேள்வியே, நீங்கள் இன்னும் எங்களோடு இருக்கிறீர்களா என்று கேட்பதாகவும் அமையும்.

ஐந்தாவது, புனைபெயருக்கான உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. அடையாள அட்டை கேட்டுக் கணக்குத் தரும் நாள் வந்தால், டெல்டாவின் கிராமங்களிலிருந்து எழுதக் கூடியவர்களில் சொல்ல வேண்டியது அதிகம் உள்ளவர்களே முதலில் மௌனமாவார்கள்.

பெயர் விதியின் நோக்கம் ஒன்றுதான்: எழுதியதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த நோக்கம் நிறைவேற, ஆள் முதலில் தங்க வேண்டும். பொருந்தாத பெயரோடு வந்த ஒருவர் சரியான செய்தி ஒன்றைக் கொண்டுவந்திருந்தால், அவரிடம் பேசிப் பெயரை மாற்றச் செய்வதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். அவரை இழந்தால் அந்த ஊரைப் பற்றித் தமிழில் எழுத அடுத்தவர் எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடுவதைத் தமிழ் விக்கிப்பீடியாச் சமூகம் தன் முதற்கடமைகளில் ஒன்றாக ஏற்க வேண்டும்.